கொக்கியின் கை

ஆட்டம் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்தே அண்ணன் நச்சரித்துக்கொண்டுதான் இருந்தான். உடை மாற்றும் அறையில் அவளுடைய இரும்புக் கையை மடியில் கிடத்தி, முழங்கை மூட்டுக்கு எண்ணெய் விட்டபடியே மறுபடியும் ஆரம்பித்தான்.

“வயித்து வலின்னு சொல்லிடு பாப்பா. அந்தப் பையன்கூட நீ ஆட வேண்டிய அவசியமே இல்ல.”

“ஏன், கடிச்சுடுவானா?”

“பொடியன். ஜெயிச்சா உனக்குப் பேரு கிடைக்காது. தோத்தா மானம் போயிடும். எதுக்கு இந்த வம்பு?”

“நேத்து வரைக்கும் எவன் வந்தாலும் மோதுன்னு சொன்ன ஆளு நீ.”

அண்ணன் எண்ணெய்ப் புட்டியை மூடினான். எழுந்து வந்து கையை அவள் வலது தோளில் பொருத்தி, இரண்டு உள்ளங்கைகளையும் பூட்டின் மேல் வைத்து அழுத்தினான். உள்ளே ‘டக்’ என்று சத்தம் கேட்டது. அவள் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். உயிர் வந்துவிட்டது.

அரங்கத்தில் அவளை ஆணி என்பார்கள். அடிக்க அடிக்க ஊன்றி நிற்பாளே தவிர சாய மாட்டாள் என்பதால் வந்த பெயர். அவள் பிழைக்கும் அந்த ஆட்டத்தின் சட்டம் எளிமையானது. ஒரு கை சொந்தக் கையாக இருக்க வேண்டும், மற்றது செய்த கையாக இருக்க வேண்டும். ஆண், பெண் என்ற பிரிவு கிடையாது, எடை மட்டும்தான் கணக்கு. இதற்குள் நுழைய ஆசைப்படுகிறவர்கள் முதலில் நன்றாக இருக்கிற ஒரு கையைத் தோளோடு வெட்டிக்கொண்டு வர வேண்டும். பெற்றவர்கள் கேட்டால் வயிறு எரியும். காசு கொடுத்துப் பார்க்க வருகிற கூட்டத்துக்கு அந்த எரிச்சல் எல்லாம் இல்லை. அவர்களுடைய கைகள் இரண்டும் பத்திரமாகத் தோளில் தொங்குகின்றன, தட்டுவதற்கும் சீட்டியடிப்பதற்கும் வசதியாக.

இரும்புக் கையில் பெரிய விஷயம் இரும்பு அல்ல, பழக்கம். உள்ளே ஒரு நரம்புத் தகடு இருக்கிறது. ஆட்டக்காரர் வீசும் ஒவ்வொரு குத்தையும் அது கற்றுக்கொள்ளும். வருஷக்கணக்கில் ஆடிய கைக்கு எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறான், எப்படி நகர்கிறான் என்பது உடம்புக்காரன் நினைப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். அப்படிப்பட்ட கை வெளியில் திரிந்தால் ஆபத்து என்பதால், ஓய்வு பெறுகிறவர்களின் கையை ஆட்டச் சங்கம் வாங்கி உருக்கிவிடும்.

இரும்புக் கையோடு சேர்ந்தே இருக்கும் தோள் பூட்டைத் திறக்க இரண்டு கைகள் வேண்டும், அதனால் ஆட்டக்காரர் தன் கையைத் தானே கழற்ற முடியாது. எவனாவது வந்து திறந்துவிடவும் முடியாது. பூட்டுக்கு ஆளின் பிடி தெரியும். விரல் எங்கே விழுகிறது, எவ்வளவு அழுத்துகிறது, உள்ளங்கை எவ்வளவு சூடு என்று பார்த்துத்தான் திறக்கும். தெரியாத கை நெம்பினால் தகடு எரிந்து பழக்கம் முழுக்கப் போய்விடும், மாட்டியிருக்கும் ஆளும் பிழைக்க மாட்டான். அதனால் எல்லோரும் வீட்டு ஆளைத்தான் பூட்டுக்கு வைத்துக்கொள்வார்கள். தாய், தாரம், கூடப்பிறந்தவர்கள். தினமும் ஒருமுறை திறந்து கையை ஆற விடவும் வேண்டும். விட்டுவிட்டால் சூடு எலும்புக்கு ஏறும். பிறகு ரம்பத்தைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது.

ஆணியின் பூட்டுக்கு இரண்டு பேருடைய பிடிதான் தெரியும். ஒருவன் புருஷன், மற்றவன் அண்ணன். புருஷன் செத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அண்ணன் ஒருமுறை திறந்து வைத்தால் புதிதாக ஒருவருடைய பிடியைப் பழக்கிவிடலாம். ஆனால் புருஷன் கை வைத்த இடத்தில் இன்னொருவரை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அண்ணன் இருக்கும்போது நமக்கென்ன குறை என்று இருந்துவிட்டாள்.

புருஷனும் ஆட்டக்காரன்தான். கொக்கி என்றால் தெரியாதவர்கள் இல்லை. இடது கையை வளைத்து வீசுவான், அது எதிராளியின் காதுக்குக் கீழே போய் மாட்டும், அவ்வளவுதான், ஆள் காலி. கொக்கியையும் ஆணியையும் சேர்த்துப் பயிற்சி கொடுத்து ஆளாக்கியவன் அண்ணன். அந்தக் கொக்கியைத்தான் ஒருநாள் பயிற்சிக் கூடத்துக் குளியலறையில் அவள் கண்டெடுத்தாள். தோளில் கை இல்லை. தரை முழுக்க ரத்தம். வடிகால் அடைத்துக்கொண்டு, குழாய்த் தண்ணீரோடு கலந்து கணுக்கால் நனையும்படி தேங்கியிருந்தது. கைத்திருடர்கள் வேலை என்று போலீஸ் சொல்லிக் கை கழுவிக்கொண்டது. ஊரில் அப்படித் திருட்டு நடப்பது உண்மைதான், நெம்பி எடுத்துப் பழைய இரும்புக்கு விற்பார்கள். அவளுக்கு அதை நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்க வேறு காரணமும் கிடைக்கவில்லை. எவன் செய்தான் என்று தெரியாமல் சாகக் கூடாது என்கிற ஒரு வைராக்கியத்தில்தான் சாப்பிட்டாள், தூங்கினாள், போய் அடி வாங்கினாள்.

பகல் ஆட்டம். கூரைக் கண்ணாடி வழியாக வெயில் மேடையில் விழுந்துகொண்டிருந்தது. எதிர் மூலையில் நின்றவனைக் கூட்டம் ‘பால்பல், பால்பல்’ என்று கூப்பிட்டது. மீசைகூடச் சரியாக முளைக்காத முகம். வேறு ஊர்ச் சில்லறை ஆட்டங்களில் ஆடிக்கொண்டிருந்தவன், இந்த வருஷம்தான் மேலே வந்திருந்தான். இடது பக்கம் பளபளவென்று நீல வண்ணம் அடித்த புதுக் கை.

மணி அடித்தது. இரண்டு முறை சுற்றி வந்து ஆழம் பார்த்தாள். பையனிடம் கால் வேலை ஒன்றும் இல்லை, மூச்சும் இல்லை. இதற்கா அண்ணன் இத்தனை பயந்தான் என்று நினைத்து முடிப்பதற்குள் நீலக் கை வளைந்து வந்து அவள் காதுக்குக் கீழே மாட்டியது.

கண் இருண்டது. வாய்க்குள் ஒரு கடைவாய்ப் பல் கழன்று நாக்கில் உருண்டது. அதைத் துப்பிவிட்டு நிமிர்ந்தபோது அவள் பார்த்தது அடியைவிட மோசமாக இருந்தது. அடித்த கை திரும்பிப் போகவில்லை. அவள் முகத்துக்கு நேரே நின்று, மடக்கிய விரல்களைப் பிரித்து, உள்ளங்கையை விரித்துக் காட்டியது. ஒரு நொடிதான். பிறகு பையன் பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டான்.

மேடையில் ஆடும்போது கொக்கி ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. வீட்டுக் கூடத்தில், நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு இரண்டு பேரும் பழகும்போது, தவறிப்போய்க் கொஞ்சம் பலமாக அடித்துவிட்டால் உடனே கையை விரிப்பான். போதும், கோபித்துக்கொள்ளாதே என்று அர்த்தம். ‘அடிக்கறதையும் அடிச்சிட்டுக் கும்பிடு வேறயா’ என்று அவள் திருப்பி உதைப்பாள். சாயங்காலம் தவறாமல் நடக்கிற கூத்து அது. உலகத்திலேயே அவள் ஒருத்திக்கு மட்டும் அந்தக் கை அப்படி விரிந்திருக்கிறது.

தலையில் அடி பட்டதால் ஏதேதோ தெரிகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். முதல் சுற்று முடிவதற்குள் இன்னொரு அடி விழுந்தது. மறுபடியும் உள்ளங்கை விரிந்தது. பையன் முகம் வெளிறிப்போயிருந்தது. ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு தள்ளாடியபோது அவள் காதில் முணுமுணுத்தான்.

“என் கைக்கு என்னமோ ஆயிடுச்சுக்கா. வேற யாருகிட்டயும் இப்படிப் பண்ணினதில்ல.”

இடைவேளையில் அண்ணன் பூட்டைக் கால் திருப்பு திறந்து கையை ஆற விட்டான். அவன் உள்ளங்கை வேர்த்து வழுக்கியது.

“போதும் பாப்பா. துண்ட வீசி ஆட்டத்த நிறுத்திடறேன்.”

“வீசாத. அந்த நீலக் கை எங்க செஞ்சதுண்ணே?”

“எவனுக்குத் தெரியும். ஏதோ பட்டறைல செஞ்சிருப்பானுங்க.”

அவன் அவள் கண்ணைப் பார்க்காமல் தண்ணீர்ப் புட்டியைப் பார்த்தபடி சொன்னான். எப்போதும் நேருக்கு நேர் பார்த்துப் பேசுகிறவன். ஆனாலும் அந்தப் பக்கம் நினைப்பைப் போக விடவில்லை. கூடப்பிறந்தவனைப் பற்றி அப்படி நினைக்க யாருக்குத்தான் வரும்?

இரண்டாவது சுற்றில் அவள் செய்ததைப் பார்த்துக் கூட்டம் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்திருக்கும். காவலுக்கு உயர்த்தியிருந்த கைகளை இறக்கிவிட்டு, வீட்டுக் கூடத்தில் எவ்வளவு தூரத்தில் நிற்பாளோ அவ்வளவு தூரத்தில் போய் நின்றாள். தாடையைக் கொடுத்தாள். பையனுக்குப் பயமாக இருந்தாலும் கைக்குப் பயம் இல்லை, அது வந்தது. உதடு கிழிந்தது. மூக்கு எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. இடது கண் மேல் சதை பிளந்து ரத்தம் இமைக்குள் இறங்கியது. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் உள்ளங்கை விரிந்தது. குத்துக்கு முன்னால் தோள் லேசாக இறங்குவதும், மணிக்கட்டு கடைசி நேரத்தில் உள்நோக்கித் திரும்புவதும், களைப்பு ஏறியதும் முழங்கை விலாவை விட்டு வெளியே பறப்பதும் எல்லாம் கொக்கியுடையவை. அந்த முழங்கைக்காக அவன் வாங்கிய வசவுக்கு அளவே கிடையாது.

அப்போதுதான் அவளுடைய மூலையிலிருந்து அந்தக் குரல் வந்தது.

“முழங்கை பறக்குது பாரு. ஒட்டு, ஒட்டு. விலாவோட ஒட்டு.”

பயிற்சி கொடுக்கிறவன் கத்துவது வழக்கம்தான். ஆனால் அவளுக்கு முழங்கை பறக்காது. அவளுடைய குறை தாடை, தூக்கித் தூக்கிக் காட்டிவிடுவாள் என்று அண்ணன் அதற்குத்தான் இத்தனை வருஷமாகக் கத்துவான். இப்போது அவள் கை வீசவே இல்லை, சும்மா நின்று வாங்கிக்கொண்டிருக்கிறாள். பறந்தது நீலக் கையின் முழங்கை. தங்கை மூஞ்சி கிழிந்து தொங்கும்போது அண்ணன் எதிராளியின் கையைத் திருத்திக்கொண்டிருக்கிறான். அவன் தெரிந்து செய்யவில்லை. வருஷக்கணக்காகத் திருத்திய கை கண் முன்னால் பழைய தப்பைப் பண்ணியதும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். அந்த ஒரு நொடியில் பையன் அடித்த அடியில் முட்டி போட்டு விழுந்தாள். நடுவர் எண்ண ஆரம்பித்தார். அவளும் தனக்குள் எண்ணினாள், ஆனால் அது வேறு கணக்கு.

பழக்கம் அழியாமல் இருக்கிறது. அப்படியென்றால் யாரும் நெம்பி எடுக்கவில்லை. பூட்டுக்குத் தெரிந்த பிடிதான் திறந்திருக்கிறது. கொக்கியின் பூட்டுக்கு அவளைத் தெரியும். முன்பு தாடை உடைந்து அவள் மருத்துவமனையில் கிடந்தபோது, யார் கழற்றிவிடுவார்கள் என்று கவலைப்பட்டு அவளே கெஞ்சிக் கேட்டு அண்ணனின் பிடியைப் பழக்க வைத்தாள். வேறு யாரும் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. உடம்பு செத்த பிறகு கழற்றினால் தகடும் செத்துவிடும். ஆகவே கை கழன்றபோது அவன் உயிரோடு இருந்திருக்கிறான்.

எட்டில் எழுந்தாள். மணி அடிக்கும் வரை எப்படியோ நின்றாள்.

மூலையில் முக்காலியில் உட்கார்ந்ததும் அண்ணன் வழக்கம்போலப் பூட்டின் மேல் கை வைக்க வந்தான். அவள் தோளைத் திருப்பிக்கொண்டாள். இந்தத் தொழிலில் எந்த ஆட்டக்காரரும் தன் பூட்டுக்காரரிடம் அப்படிச் செய்யமாட்டார்கள். அண்ணனுடைய கைகள் அந்தரத்தில் நின்றன. முகம் செத்துப்போனது. சுற்றிலும் ஒரே கூச்சல், பக்கத்தில் நின்றால்கூடக் கேட்காது.

“ஏன்ணே?” என்றாள். வேறு எதுவும் அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அவன் துண்டைப் பிழிந்தான். பிறகு குனிந்து அவள் கண் வெட்டில் மருந்தை அப்பிக்கொண்டே, பயிற்சி சொல்கிற குரலிலேயே சொன்னான்.

“ஓய்வு வாங்கறேன்னான். கைய சங்கத்துல குடுத்துடறேன், உருக்கட்டும்னான். நீ அப்போ பக்கத்து ஊருக்கு ஆடப் போயிருந்த. அது அவன் கையா பாப்பா? அந்த அடி ஒவ்வொண்ணும் நான் ஊட்டினது. எனக்கு வராத அடி, நான் மனசுல வச்சிருந்த அடி, அவன் உடம்புல போட்டு வளத்தேன். உருக்கறதாம். எவ்வளவு சுலபமா சொன்னான் தெரியுமா, சட்டை மாத்தற மாதிரி.”

“அதுக்கு?”

“மயக்க ஊசி போட்டேன். கைய மட்டும்தான் எடுக்க நினைச்சேன், சத்தியமா. எழுந்ததும் திருடன் வந்தான்னு சொல்லிக்கலாம்னு. கைய வேற ஊரு கிளப்புல குடுத்துட்டா எங்கயாவது ஆடிட்டு இருக்கும்னு.”

“திருக அடைக்கல நீ.”

தோளடியில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. கைக்கு ரத்தம் போகும் குழாயை அது அடைக்கும். அதை அடைத்த பிறகுதான் கையைக் கழற்ற வேண்டும், அது பூட்டுக்காரர் கற்கிற முதல் பாடம். அண்ணன்தான் அதை அவளுக்கே சொல்லிக் கொடுத்தவன்.

“அடைக்கத்தான் போனேன்,” என்றான். “கை கழண்டுடுச்சு. திருகு மேல விரல வச்சுட்டேன். அதுக்குள்ள கண்ணத் தொறந்து என்னப் பாத்துட்டான். பாத்துட்டான் பாப்பா. அப்புறம் எப்படி அடைக்கறது?”

அவள் வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கினாள். இவன் கையால்தான் சோறு தின்று வளர்ந்தாள். அப்பா குடித்துவிட்டு அடிக்க வரும்போதெல்லாம் குறுக்கே விழுந்து அடி வாங்கியவன் இவன். இந்த ஒரு வருஷமும் தினமும் இதே கைகள்தான் அவள் தோளைத் தொட்டு ஆற வைத்திருக்கின்றன. அவள் அழுத நாட்களில் தலையைத் தடவியதும் இவைதான்.

“இத வெளிய சொன்னா நான் உள்ள போயிடுவேன்,” என்றான் அண்ணன். மிரட்டுகிற குரல் இல்லை, அக்கறைதான் தெரிந்தது, அதுதான் இன்னும் கேவலம். “போறேன், பரவால்ல. ஆனா உன் கைய யாரு கழட்டுவா? ஒரு நாள் தாங்குமா? எலும்புக்கு ஏறிடும். உனக்கு வேற என்ன தொழில் தெரியும்? யோசி. ஆடி முடிச்சுட்டு வீட்டுக்கு வா, பேசிக்கலாம்.”

மணி அடித்தது.

அவள் எழுந்து போனாள். கை ஆறாததால் தோளுக்குள் சூடு குறுகுறுத்தது. மூன்றாவது சுற்றை அன்று பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள், ஆணி அப்படி ஆடி அதற்கு முன்னால் பார்த்ததில்லை என்று. நீலக் கை எங்கே வரும், எப்போது வரும் என்று அவளுக்கு இப்போது பார்க்காமலே தெரிந்தது. ஒவ்வொரு முறையும் அதற்கு அடியில் குனிந்து போய்ப் பையனின் விலாவில் இறக்கினாள். ஒரு எலும்பு போனது. இன்னொன்றும் போனது. பையன் வாயிலிருந்து ரத்தம் கலந்த எச்சில் கயிறாகத் தொங்கியது. பாவம், அவன் என்ன செய்வான். கிளப்பில் கொடுத்த கையை மாட்டிக்கொண்டு வந்தவன். அவளுக்கு அது தெரிந்தும் கை நிற்கவில்லை. அடித்து அடித்து அவனைத் தன் மூலைப் பக்கமே ஓட்டிக்கொண்டு வந்தாள். அங்கே கயிற்றில் சாய்த்து, கடைசியாகத் தாடைக்குக் கீழே ஒன்று கொடுத்தாள். பையன் மடங்கி விழுந்தான், அண்ணனின் காலுக்கு எட்டுகிற தூரத்தில்.

நடுவர் எண்ண வந்தார். ஆணி அவரைத் தள்ளிவிட்டு மண்டி போட்டாள்.

“கண்ணத் தொற,” என்றாள். பையன் திறந்தான். “இந்தக் கைய நான் கழட்டப் போறேன். வலிக்காது. அசையாத.”

“யாருதுக்கா இது?”

“என் வீட்டுக்காரரோடது.”

பையன் அவளையே பார்த்தான். இந்தச் சுற்று முழுக்கத் தன்னை உடைத்தவளிடம் என்ன நம்பிக்கை கண்டானோ, தலையை ஆட்டினான். அவள் சொந்தக் கை விரல்களை அவன் தோளடியில் விட்டுத் திருகைத் தேடி, இறுக அடைத்தாள். பிறகு நிமிர்ந்து, இரும்புக் கையைக் கயிற்றுக்கு நடுவே நீட்டி அண்ணனின் சட்டைக் கழுத்தைப் பற்றி இழுத்தாள். அவன் முகம் குப்புற மேடையில் வந்து விழுந்தான். கூட்டத்துக்கு வேடிக்கையாக இருந்தது, சிரித்தார்கள், சீட்டியடித்தார்கள்.

“என்ன பண்ற பாப்பா. விடு. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும்.”

அவனை நிமிர்த்தி உட்கார வைத்து, இரண்டு மணிக்கட்டுகளையும் இரும்புக் கையால் சேர்த்துப் பிடித்து, உள்ளங்கைகளைக் கொண்டுபோய்ப் பையனின் பூட்டின் மேல் வைத்தாள். அண்ணன் விரல்களை மடக்கி வைத்துக்கொள்ளப் பார்த்தான். நடுவர் பின்னாலிருந்து அவள் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அவள் வலுக்கட்டாயம் எதுவும் செய்யவில்லை, வெறுமனே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் கை அவனைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பூட்டை எத்தனை காலம் தொட்ட கை அது. உலோகம் பட்டதும் விரல்கள் ஒவ்வொன்றாக இறங்கி, தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்து, அளவான அழுத்தத்தோடு பிடித்தன.

டக்.

மேடையின் ஒலிவாங்கி அந்தச் சத்தத்தை அரங்கம் முழுக்கக் கொண்டுபோனது. கை கழன்று அண்ணனின் மடியில் விழுந்தது. சிரிப்பு நின்றது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் ஆட்டம் தெரியாதவன் எவனும் இல்லை. எதிராளியின் பூட்டு ஆணியின் அண்ணன் கைக்குத் திறக்கிறது என்றால் என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அண்ணன் பூட்டுக்காரனாக இருந்தது ஆணிக்கும் கொக்கிக்கும் மட்டும்தான் என்பதும், கொக்கி எப்படிச் செத்தான் என்பதும் அவர்களுக்குத் தெரியும். நடுவர் அவள் கழுத்தை விட்டுவிட்டார். பையனின் கிளப்புக்காரன் ஒருவன் வாசல் பக்கம் நழுவப் பார்த்தான். காவலர்கள் அவனையும் நிறுத்திவிட்டு, மேடையை நோக்கி ஓடிவர ஆரம்பித்தார்கள்.

அண்ணன் மடியில் கிடந்த கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவளைப் பார்த்தான்.

“சரி. தெரிஞ்சுபோச்சு. இப்ப என் கைய விடு பாப்பா. என்னக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவ உன் பூட்டத் தொறந்துவிட்டுடறேன். பக்கத்துல யாரையாவது நிறுத்தி அவங்க பிடியப் பழக்கிக்கோ. ஒரு நிமிஷ வேலை. என் கை இருந்தாத்தான் உனக்குக் கை.”

அவன் சொன்னது முழுக்க உண்மை. அவளுக்கும் அது தெரியும். பையன்கூட ஒற்றைக் கையோடு எழுந்து உட்கார்ந்து, ‘நான் நிக்கறேன்கா, என் பிடியப் பழக்கிக்கோங்க’ என்றான். காவலர்கள் வந்துசேர இன்னும் நேரம் இருந்தது. அந்தக் கைகளை அவள் ஒரே ஒரு முறை தன் தோளில் படவிட்டால் போதும், கையும் பிழைக்கும், தொழிலும் பிழைக்கும்.

திருகின் மேல் விரலை வைத்துவிட்டு எடுத்த கைகள். அவள் புருஷன் கண்ணைத் திறந்து பார்த்தபோது, இவன்தானே, நம்ம மச்சான்தானே, அடைத்துவிடுவான் என்றுகூட ஒரு கணம் நினைத்திருப்பான்.

இரும்பு விரல்களை மூடினாள். மெதுவாகத்தான் மூடினாள். முதலில் சின்ன எலும்புகள் நொறுங்கின, பிறகு பெரியவை. அண்ணன் அலறிய அலறலில் முன்வரிசைக்காரர்கள் எழுந்து பின்னால் நகர்ந்தார்கள். வெள்ளையாக ஏதோ தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. காவலர்கள் வந்து இழுத்தும் அவள் விடவில்லை. பிடியில் எதிர்ப்பே இல்லை, மாவுதான் மிச்சம் என்று தெரிந்த பிறகு விரித்தாள்.

அண்ணனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சங்கத்து டாக்டர் அவளை உடை மாற்றும் அறைக்கு நடத்திக்கொண்டு போய்த் தோளில் கை வைத்துப் பார்த்தார். சுட்டதில் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

“வேற யாரு பிடியும் இல்லையாம்மா?”

“இல்ல.”

“அவன் கைய ஒட்ட வைக்க மாசக்கணக்காகும். வச்சாலும் பழைய பிடி வராது. இது சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்காது. தோள் எலும்போட எடுக்கணும். அப்புறம் புதுக் கை மாட்ட அங்க இடமே இருக்காது, புரியுதா?”

“புரியுது. எடுங்க.”

டாக்டர் கருவிகளை எடுத்துவரப் போனார். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். எவன் செய்தான் என்று தெரிந்துவிட்டது. தெரிந்தால் கொக்கிக்காக ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிடலாம் என்று இந்த ஒரு வருஷமாக நினைத்திருந்தாள். அழுகையும் வந்தது. ஆனால் கண்ணை மூடினால் கொக்கி வரவில்லை. அப்பாவின் இடுப்பு வாருக்குக் குறுக்கே வந்து விழுந்த அந்தச் சின்ன அண்ணன்தான் வந்தான், அவளைத் தனக்கு அடியில் போட்டு மூடிக்கொண்டு, அழாத பாப்பா என்றான். அவனுக்காகவும் அழுதாள், அதுதான் அவளுக்குப் பொறுக்கவே இல்லை.